யாழ்ப்பாணத்து வெயிலில் கிணற்றடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கலாமா?

கோண்டாவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டுக்குள் சின்னக் கண்ணாடித் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் நெருக்கமாக நிற்கின்றன. கிணற்றடியில், மோட்டர் பூட்டிய பிறகு யாரும் பாவிக்காத சீமெந்துத் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை மீன்களை அங்கே விடலாமா, அல்லது வெயிலில் அவிந்துபோய்விடுமா என்பதுதான் கேள்வி.

தாராளமாக விடலாம். ஒழுங்காகச் செய்தால் கண்ணாடித் தொட்டியில் இருப்பதைவிட அங்கே நன்றாக வளரும், நிறமும் ஏறும். ஆனால் உங்கள் பயம் மத்தியான வெயிலில் இருக்கிறது. மீன்களுக்கு உண்மையான ஆபத்து அதிகாலையில் வருகிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்ற வேலைகளெல்லாம் தானாகவே பிடிபடும்.

தங்கமீன் சீனாவில் ஒருவகைக் கெண்டையிலிருந்து பல நூற்றாண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்ட மீன். அதற்கு மிகவும் பிடித்த தண்ணீர் 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை. அது நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில்கூடச் சரியாகக் கிடைக்காது. நமது கிணற்றுத் தண்ணீரே வருடம் முழுக்க 28 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் மெதுவாகப் பழகிய தங்கமீன் 30, 31 பாகையைத் தாங்கிக்கொள்ளும். அது தாங்காதது மூச்சுத் திணறலை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் மீனின் உடல் சூட்டில் வேகமாக இயங்கி அதிக ஒட்சிசன் கேட்கிறது. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. தொட்டியில் பாசியும் செடியும் இருந்தால் அவை பகலில் ஒட்சிசனைக் கொடுக்கும், இரவு முழுக்க அவையும் சேர்ந்து எடுக்கும். ஆக, தண்ணீரில் காற்று ஆகக் குறைந்திருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்புதான். மத்தியானம் நன்றாக ஓடித் திரிந்த மீன் காலையில் செத்து மிதக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அதனால் முதல் ஒரு மாதம் காலை ஐந்தரை மணிக்கு ஒரு ரோச் லைட்டோடு போய்ப் பாருங்கள். மீன்கள் நடுத்தண்ணீரிலோ அடியிலோ அமைதியாக நின்றால் பிரச்சினை இல்லை. எல்லாம் மேலே வந்து வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். சாப்பாட்டுக்காக மேலே வருவதும் இப்படித்தான் தெரியும், ஆனால் வித்தியாசம் உண்டு. பசியோடு வரும் மீன் உங்களைக் கண்டதும் வாலை ஆட்டி, விரலைக் கொண்டுபோகும் பக்கமெல்லாம் பின்னாலேயே வரும். மூச்சுத் திணறும் மீன் உங்களைக் கணக்கெடுக்காது. செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், நிழல் விழுந்தால் ஒருமுறை கீழே போய் உடனே திரும்பி மேலே வரும். அப்படிக் கண்டால் அந்த இடத்திலேயே ஒரு வாளியை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு தோள் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடம் விடாமல் ஊற்றினாலே மீன்கள் கீழே இறங்கத் தொடங்கும். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். பிறகு ஏன் வந்தது என்று பாருங்கள். மீன் கூடிவிட்டதா, சாப்பாடு கூடிவிட்டதா, செடி அடைத்துவிட்டதா என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். நாலுக்கு மூன்றுக்கு இரண்டு என்றால் முழுக்க நிரப்பினால் 680 லீற்றர். மேலே ஐந்து அங்குலம் இடம் விட்டால் 540 லீற்றர் வரும். ஆறு மீனுக்கு இது நல்ல அளவு. நீள வால் ஒற்றையாக இருக்கும் சாதாரண தங்கமீன், கொமெட் வகை என்றால் ஐந்து ஆறுக்கு மேல் போகாதீர்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு வளரக்கூடியவை. ஒரண்டா, பிளாக் மூர் போன்ற உருண்டை உடல் வகைகள் என்றால் ஏழு, எட்டு வரை விடலாம். ஆனால் வெளியே விடுவதற்கு ஒற்றை வால் மீன்தான் நல்லது. உருண்டை மீன்கள் மெதுவாக நீந்தும், காகத்துக்கும் பூனைக்கும் சுலபமாக அகப்படும், சூட்டில் வயிறு ஊதிப் பக்கவாட்டில் சாயும் பிரச்சினையும் அவற்றுக்குத்தான் அடிக்கடி வரும். தலையில் சதை வளரும் ரஞ்சு, லயன்ஹெட் உங்களிடம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

பழைய தொட்டி என்பது உங்கள் அதிர்ஷ்டம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மை மீன் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். வெடிப்பு அடைக்க உள்ளே புதிதாகப் பூசப்போகிறீர்கள் என்றால், வாழைக்குற்றியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, ஒரு கிழமைக்கு ஒருமுறை கொட்டி மாற்றி, மூன்று நாலு கிழமை பொறுக்க வேண்டும். பூசவில்லையென்றால் அந்த வேலை இல்லை. ஆனால் இந்தத் தொட்டியில் எத்தனை வருடம் உடுப்புத் தோய்த்திருப்பார்கள்! சவர்க்காரம் சுவரில் ஊறியிருக்கும். தும்புத்தடியால் நன்றாகத் தேய்த்து, நிரப்பி, ஒரு நாள் விட்டுத் திறந்துவிடுங்கள். நுரையும் வழுவழுப்பும் அறவே போகும் வரை இதைச் செய்யுங்கள். கழுவுவதற்குத் திரும்பவும் சவர்க்காரம் போடாதீர்கள்.

நிழல் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியில், ஏறக்குறைய ஏப்ரல் 15 அளவில், சூரியன் நேர் உச்சிக்கு வரும். திரும்ப ஓகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். மார்கழியில் வீட்டின் வடக்குச் சுவரோரம் குளுகுளுவென்று இருப்பதைப் பார்த்துவிட்டு அங்கே தொட்டி வைப்பவர்கள் வைகாசியில் ஏமாறுவது இதனால்தான். மத்தியானத்துக்குச் சுவர் நிழல் உதவாது, மேலிருந்துதான் நிழல் வரவேண்டும். பின்னேர வெயிலுக்கு மட்டும் சுவர் உதவும். வீட்டுக்கோ மதிலுக்கோ கிழக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் காலை வெயில் கிடைக்கும், இரண்டு மணிக்குப் பிறகு நிழல் விழும். அதைவிட நல்ல இடம் இல்லை.

உங்கள் தொட்டியை நகர்த்த முடியாது, சரி. அப்படியானால் நாலு கம்பு நட்டு மேலே கிடுகு போடுங்கள். தண்ணீரிலிருந்து நாலடி, ஐந்தடி உயரத்தில் இருக்கட்டும். தொட்டி விளிம்போடு ஒட்டிக் கிடுகை மூடினால் காற்று அடைபட்டுப்போகும். வைகாசியிலிருந்து வீசும் சோளகக் காற்றுத்தான் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் காற்றுப் பம்பு. அது தண்ணீர் மேல் தடவிப் போகும்போது ஒட்சிசனும் ஏறும், ஆவியாகித் தண்ணீரும் குளிரும். காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வெயில் விழுவது நல்லது. மீனின் செம்மஞ்சள் நிறம் வெயிலும் பச்சைப் பாசியும் இருந்தால்தான் பளிச்சென்று வரும். விவசாயக் கடைகளில் விற்கும் நிழல் வலையும் பாவிக்கலாம், ஆனால் கிடுகின் கீழே இருக்கும் குளிர்ச்சி அதன் கீழே இல்லை.

மரநிழல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வேப்பமரத்தின் கீழே வேண்டாம். இலையும் பூவும் பழமுமாக மாறி மாறிக் கொட்டும். அவை அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத்தான் தின்னும். வேப்பங்கொட்டை பூச்சிநாசினியாகப் பாவிக்கிற சாமான் என்பதும் நினைவில் இருக்கட்டும். முருங்கையின் சின்ன இலைகளை அள்ளி முடியாது. தென்னைக்குக் கீழே வைத்தால் ஒருநாள் தேங்காய் விழும். மாமரம் பரவாயில்லை, பூக்கும் காலத்தில் மட்டும் தினமும் ஒரு வடியால் மேலே மிதப்பதை எடுத்துவிடுங்கள்.

தொட்டி இல்லாதவர்கள் பிளாஸ்ரிக் பரலை வெட்டி வைக்கலாமா என்று கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் 100 லீற்றர் தண்ணீர் வெட்டவெளியில் இருந்தால் சித்திரையில் 35 பாகையையும் தாண்டிவிடும், இரவில் மளமளவென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மீனைத் தளர்த்திவிடும். கறுப்பு நிறமென்றால் இன்னும் மோசம். பாதி உயரத்துக்கு மண்ணில் புதைத்து, வெளியே தெரியும் பகுதிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். செம்பாட்டு மண் பகுதியில் தோண்டுவது சுலபம். கல் மேலே கிடக்கும் இடங்களில் சுற்றிவர மண்மூட்டை அடுக்கினாலும் அதே பலன் கிடைக்கும்.

தண்ணீரைக் குளிராக்க ஐஸ் போத்தல் போடுவதைப் பலர் சொல்வார்கள். உங்கள் 540 லீற்றரில் இரண்டு லீற்றர் ஐஸ் முழுக்கக் கரைந்தாலும் வெப்பம் அரைப் பாகைகூட இறங்காது. குளிரூட்டியில் இடம் அடைத்ததுதான் மிச்சம். வெப்பம் ஏறினால் நிழலைக் கூட்டி, கிணற்றுத் தண்ணீர் மாற்றுங்கள். ஆனால் கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கும், அதனால் உயரத்திலிருந்து சிதற ஊற்றுங்கள். மேலே கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் குழாயை மத்தியானம் திறந்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வருவது எல்லோருக்கும் தெரியும், மீன் தொட்டி நிரப்பும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். குழாய்நீர் விநியோகம் கிடைக்கும் வீடுகளில் அதில் குளோரீன் இருக்கும். ஒரு நாள் வாளிகளில் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

நம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வளர்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். அதனால் தண்ணீர் கடினமானது, காரத்தன்மையும் சற்றுக் கூட. தங்கமீனுக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், அது நன்மை. ஆனால் அமோனியா விஷயத்தில் கவனம் வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய சாப்பாட்டிலிருந்தும் வரும் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவு கெடுதியில்லாதது, மற்றது நஞ்சு. காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட நஞ்சு வடிவத்தின் பங்கு ஏறும். காரத்தன்மையைக் காட்டும் அளவான பி.எச். 7, வெப்பம் 25 பாகை என்றால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8, 30 பாகை என்றால் நூற்றுக்கு 7.5 அளவில். அதாவது, ஒரே அளவு அழுக்கு நம் ஊர்த் தொட்டியில் பத்து மடங்குக்கு மேல் கெடுதி செய்யும்.

அதனால் ஆறு மீனையும் ஒரே நாளில் புதுத் தண்ணீருக்கு மாற்றாதீர்கள். அமோனியாவைத் தின்று தீர்க்கும் பக்ரீரியா சுவரிலும் கல்லிலும் செடியிலும் குடியேற நாலைந்து கிழமை எடுக்கும். கண்ணாடித் தொட்டியின் வடிகட்டியில் இருக்கும் பழைய ஸ்பொஞ்சைக் கழுவாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் போடுங்கள், அடிக்கல்லில் ஒரு பிடியையும் போடுங்கள். முதலில் இரண்டு மீன், இரண்டு கிழமை கழித்து மற்ற நாலு. பின்னேரம், வெயில் இறங்கிய பிறகு, மீனைப் பையில் மிதக்கவிட்டு, இருபது நிமிடம் கழித்துத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து விடுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் தினமும் அரை சென்ரிமீற்றர் அளவு தண்ணீர் ஆவியாகும். உங்கள் தொட்டியில் அது ஐந்து லீற்றருக்கு மேல். குறைந்ததை ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் மாற்றியதாக நினைத்துக்கொள்வோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் சுண்ணாம்பும் தோட்டப் பசளையிலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைத்திரேற்றும் தொட்டியிலேயே தங்கிக் கூடிக்கொண்டு போகும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு வாளி அள்ளி வெளியே ஊற்றிவிட்டு அதே அளவு புதிதாக நிரப்புங்கள். வெளியே எடுக்கும் பச்சைத் தண்ணீரை வாழைக்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நைத்திரேற்றுக் கூடிய கிணறென்று கைக்குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம் எனச் சொல்லப்பட்ட தண்ணீரில்கூடத் தங்கமீன் சாதாரணமாக வாழும், பாசி மட்டும் வேகமாகப் பிடிக்கும்.

பாசியைக் கண்டு பதற வேண்டாம். சுவரில் பிடிக்கும் பாசி மீனுக்குச் சாப்பாடு, தேய்த்து எடுக்காதீர்கள். தண்ணீரே இளம்பச்சையாக இருந்து, முழங்கை வரை விட்ட கையின் விரல் தெரிந்தால் நல்லது. விரல் தெரியாத கடும்பச்சை என்றால் மூன்றிலொன்றை மாற்றுங்கள், நிழலைக் கூட்டுங்கள். மந்தாரமான நாட்களில் அந்தப் பாசி ஒரேயடியாகச் செத்தால் காற்று அற்றுப்போகும். செடியில் அல்லிதான் என் தெரிவு. ஒரு மண்சட்டியில் நட்டு, மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சரளைக்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் மீன்கள் கிண்டித் தொட்டி முழுக்கச் சேறாக்கிவிடும். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் எந்த இலையும் மூடக்கூடாது. 

சாப்பாடு காலையில் எட்டு மணிக்குப் பிறகு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வளரும் குஞ்சென்றால் மத்தியானத்துக்கு முன் இன்னொரு சிட்டிகை. பின்னேரம் வேண்டாம், சமிபாட்டுக்கும் ஒட்சிசன் வேண்டும், அந்தச் செலவு இரவில் விழும். தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியாக இல்லை, ஒரேயடியாகப் போட்டால் பாதி அப்படியே கழிவாகப் போகும். பாண், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாப்பாட்டுப் போத்தலை உயரத்தில் வையுங்கள், அன்பில் அரைப் போத்தலையும் கொட்டிவிடுவார்கள். வெளித் தொட்டியில் நுளம்புக் குடம்பி தானாகவே வந்து சேரும், மீனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு கடையில் கிடையாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீன் இருப்பதைக் காட்டுங்கள், தொட்டியில் மருந்து போடவேண்டிய தேவை இராது. நுளம்புக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் மட்டும் தொட்டியை முழுக்கப் பொலித்தீனால் மூடி, புகை அடங்கிய பிறகு திறவுங்கள். அதில் சேர்க்கும் பைரத்ரொயிட் வகை மருந்துகள் மனிதரை அவ்வளவு தாக்காது, மீனைக் கொன்றுவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்கோ மிளகாய்க்கோ மருந்து அடிக்கும் நாளிலும் இதேதான், காற்று உங்கள் பக்கம் வீசுகிறதா என்று பாருங்கள்.

காகம், கொக்கு, மீன்கொத்தி, பூனை, தண்ணிப்பாம்பு என்று விருந்தாளிகள் வருவார்கள். தண்ணீர் மட்டத்தை விளிம்பிலிருந்து ஐந்து அங்குலம் கீழே வைத்தாலே பூனையின் கை அவ்வளவு எட்டாது. மேலே சட்டம் அடித்துக் கம்பிவலை போடுங்கள். கரையோரத்தில் சும்மா கிடைக்கும் பழைய தங்கூசி வலையைப் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நூலில் ஓணானும் குருவியும் சாரையும் சிக்கித் துடித்துச் சாகும். உள்ளே ஒரு உடைந்த மண்பானையைப் படுக்கவைத்தால் மீன்கள் ஒளிய இடம் கிடைக்கும்.

கறண்ட் இருக்கும் இடமென்றால் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை இரவில் மட்டுமாவது ஓடவிடுங்கள். அது இல்லாமலும் உங்கள் அளவுத் தொட்டியில் ஆறு மீன் வாழும். ஆனால் பம்பை நம்பி மீனைக் கூட்டினால், கறண்ட் போகும் ஓர் இரவில் எல்லாம் போய்விடும். நோய் என்று தெரிந்தால், அதாவது செட்டை சுருங்கி, சுவரில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தால், அந்த மீனைத் தனியே ஒரு பெரிய வாளிக்கு எடுத்து, லீற்றருக்கு இரண்டு மூன்று கிராம் கல்லுப்புக் கரைத்து விடுங்கள். ஆனையிறவு உப்பே போதும். தொட்டியில் போட்டால் அல்லி கருகும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறே உவராக இருப்பவர்கள் இந்த அளவைக் குறைக்க வேண்டும்.

புரட்டாதியோடு மீனை உள்ளே எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குளிருக்காக எடுக்கத் தேவையில்லை, நம் மாரி அவற்றுக்குச் சுகமான காலம். எடுப்பதென்றால் மழைக்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் தொட்டி நிரம்பி வழிந்தால் மீனும் சேர்ந்து முற்றத்துக்கு வந்துவிடும். விளிம்பிலிருந்து ஐந்து அங்குலம் கீழே ஒரு துளை போட்டு, குழாய்த் துண்டு வைத்து, வாயில் நைலோன் வலை கட்டிவிட்டால் மீன்கள் அங்கேயே இருக்கலாம். முதல் மழையில் கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் விழாதபடி பீலியை மாற்றிவிடுங்கள், ஆறு மாதத்துத் தூசியும் காக்கை எச்சமும் அதில் வரும்.

மழையோடு தண்ணீர் குளிர்ந்ததும் முட்டை போடவும் கூடும். ஆண்மீனின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும், பெண்ணைத் துரத்திக்கொண்டு திரியும். முட்டை ஒட்டிய செடியை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் தாய்மீனே தின்றுவிடும். நம் சூட்டில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். குஞ்சுகள் முதலில் மண்ணிறமாகத்தான் இருக்கும், செம்மஞ்சளாக மாற மாதக்கணக்கில் எடுக்கும். கூடிப்போனால் அயலில் தொட்டி உள்ளவர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுங்கள், மீன்கடைக்காரரும் வாங்குவார். ஆரியகுளத்திலோ கோயில் கேணியிலோ வயல் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். அங்கே ஏற்கனவே இருக்கும் நம் ஊர்ச் சின்ன மீன்களின் முட்டையைத் தின்று, அடியைக் கிண்டி, செடியை அழித்துவிடும்.